உயர் அழுத்தக் காற்றுத் துப்பாக்கி: நம்பகமும் பழுதுநீக்கமும்

முன்கூட்டியே அழுத்தி அடைத்துவைத்த காற்றின் விசையால் ஈயக்குண்டைச் செலுத்துவது உயர் அழுத்தக் காற்றுத் துப்பாக்கி. குறிசுடுவோர் வழக்கில் இதன் பெயர் பி.சி.பி. ஊர்ப்புறங்களில் 'ஏர் கன்' என்றால் குழலை மடக்கிச் சுருள்வில்லை இழுத்துவைக்கும் பழைய வகையே பலருக்கு நினைவில் வரும். அதில் ஒவ்வொரு குண்டுக்கும் வேண்டிய விசை சுடுபவரின் கையிலிருந்து வருகிறது. பி.சி.பி.யில் அந்த விசை சிலிண்டருக்குள் ஏற்கெனவே இருக்கிறது. போட்டித் துப்பாக்கிகளில் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் 200 பார் அளவு. மோட்டார் சைக்கிள் டயரில் உள்ள அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு.

விசைவில்லை அழுத்தியதும் ஒரு சிறு சுத்தியல் வால்வின் தண்டைத் தட்டுகிறது. நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் வால்வு திறந்து மூடுகிறது. அதற்குள் வெளியேறும் காற்று குண்டைத் தள்ளிவிடுகிறது. சுருள்வில் வகையில் கனமான உந்துதண்டு முன்னோக்கிப் பாய்வதால் ஏற்படும் உதறல் இதில் இல்லை. பத்து மீட்டர் தொலைவில் அரை மில்லிமீட்டர் அகலமே உள்ள பத்துப் புள்ளி மையத்தைத் தொடர்ந்து தொட முடிவது இதனால்தான். அந்தத் துல்லியத்துக்கு ஒரு விலை உண்டு. சில ரப்பர் வளையங்களும், ஒரு வால்வு இருக்கையும், காற்றின் தூய்மையும் ஒழுங்காக இருக்கும்வரைதான் துப்பாக்கி நம்பத்தக்கது. எஃகும் கட்டையும் தலைமுறை கடந்து நிற்கும். பெரும்பாலும் பழுது வருவது கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு உறுப்புகளில்தான்.

தொடக்ககாலப் பாடம்

இந்தக் குறை புதிதன்று. பார்த்தலோமியோ ஜிரார்தோனி வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780-இல் ஏற்றுக்கொண்டது. அதன் அடிக்கட்டையே காற்றுக்கலம். அதை நிரப்ப ஏறத்தாழ 1500 முறை பம்பு அடிக்க வேண்டும். புகையில்லை, மழையில் நனையும் மருந்துப் பொடியில்லை, இருபது குண்டுகளை விரைவாக அடுத்தடுத்துச் சுடலாம் என்பதெல்லாம் அந்தக் காலத்துக்குப் பெரிய வியப்பு. ஆனாலும் அது நிலைக்கவில்லை. தோல் வாஷர்களை ஈரமாக வைத்திருக்க வேண்டும், காற்றுக்கலங்களைச் செய்வது கடினம், போர்க்களத்தில் கெட்டால் சரிசெய்யப் பயிற்சி பெற்ற கைவினைஞர் வேண்டும். 1815-ஐ ஒட்டி அது படையிலிருந்து விலக்கப்பட்டது.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயச் சென்ற லூயிஸ், கிளார்க் குழுவும் (1803–1806) ஒரு காற்றுத் துப்பாக்கி கொண்டுசென்றது. வழியில் 1805 ஜூனில் அதன் முதன்மை வில் கெட்டபோது, குழுவிலிருந்த கொல்லர் ஜான் ஷீல்ட்ஸ் புதிது செய்து பொருத்தினார். அவர் உடன் சென்றிராவிட்டால் அந்தத் துப்பாக்கி அங்கேயே வெறும் சுமையாகியிருக்கும். உயர் அழுத்தத் துப்பாக்கியின் நம்பகத்தை மதிப்பிடும்போது அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆளும் உதிரிப்பாகமும் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இது மாறவில்லை.

போட்டிக் களத்தில்

பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அப்போது கோலோச்சியவை வில் வகையும், ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை நெம்புகோலால் காற்றை அழுத்தும் வகையும். பின்னர் சிறிது காலம் கரியமில வாயு சிலிண்டர்கள் வந்தன. வெப்பநிலை மாறினால் அவற்றின் அழுத்தம் மாறி, குண்டின் வேகமும் மாறியது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அழுத்திய காற்றே நிலைபெற்றது.

இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் இந்த வகைத் துப்பாக்கியில்தான் கிடைத்தது: 2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங், அபினவ் பிந்த்ரா, 700.5 புள்ளி. தமிழ்நாட்டுக்கும் இந்தப் போட்டியில் பங்குண்டு. 2019-இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். ஆனால் இளவேனில் வளர்ந்ததும் துப்பாக்கி பிடித்ததும் அகமதாபாத்தில். பயிற்சித்தளமும் துப்பாக்கி பழுதுநீக்குநரும் பெருநகரங்களில் மட்டுமே இருந்தால், ஊர்ப்பிள்ளையின் திறமை ஊரிலேயே தெரியவருவது கடினம்.

பிந்த்ராவின் வெற்றியிலும் ஒரு பழுதுநீக்கம் ஒளிந்திருக்கிறது. இறுதிச்சுற்றுக்கு முந்தைய ஒத்திகையில் தன் முதல் குண்டு மையத்திலிருந்து வெகுதூரம் விலகி நான்கு புள்ளி வட்டத்தில் விழுந்ததையும், பார்வைக்கருவி யாராலோ நகர்த்தப்பட்டிருக்கலாம் என்று ஐயுற்றதையும் அவர் தன்வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். கிடைத்த சில நிமிடங்களில் பார்வைக்கருவியைச் சரிசெய்தார்.

எதிர்மாறான நிகழ்வு 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்தது. பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கித் தகுதிச்சுற்றில் மனு பாக்கர் 16 குண்டுகள் சுட்டிருந்தபோது, துப்பாக்கியைச் சுடுநிலைக்குக் கொண்டுவரும் நெம்புகோல் உடைந்தது. களத்தைவிட்டு வெளியேறி, உறுப்பை மாற்றித் திரும்புவதற்குள் பொன்னான நிமிடங்கள் கழிந்துவிட்டன. பழுது போட்டியாளரின் சொந்தத் துப்பாக்கியில் என்பதால் கூடுதல் நேரம் கிடையாது. மீதி 44 குண்டுகளையும் அவசரத்தில் சுட்டு 575 புள்ளி பெற்றார். இரண்டு புள்ளியில் இறுதிச்சுற்று தவறியது. மூன்றாண்டு கழித்துப் பாரிசில் இதே போட்டியில் அவர் வெண்கலம் வென்றார். உலகின் மிகச் சிறந்த துப்பாக்கிகளிலும் ஒரு சிறு நெம்புகோல் உடையலாம் என்பதையும், அதை மாற்ற ஆகும் நிமிடங்களே பதக்கத்தைத் தீர்மானிக்கலாம் என்பதையும் இந்திய மக்கள் ஒருசேரப் பார்த்தது டோக்கியோவின் அந்த நாளில்தான்.

எங்கே கெடுகிறது

பி.சி.பி.யில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை காற்றுக் கசிவே. கசிவுகளில் பெரும்பாலானவை ஓ-ரிங்கில். குழாய் மோட்டாரிலும், டிராக்டர் ஹைட்ராலிக்கிலும், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரிலும் இருக்கும் அதே ரப்பர் வளையம்தான். பொதுவாக நைட்ரைல் ரப்பர். கடினம் 70 அல்லது 90 ஷோர் அளவு. அழுத்தம் மிகுந்த மூட்டுகளில் 90 இருந்தால் நல்லது. அதைவிட மென்மையானது பள்ளத்தின் விளிம்பில் பிதுங்கிக் கிழியும். சில தயாரிப்பாளர்கள் பாலியூரித்தேன் வளையம் பயன்படுத்துகிறார்கள். அது தேய்மானத்தை நன்கு தாங்கும். ஆனால் அதன் ஒரு வகை வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் பொடியாகிவிடுகிறது. குளிர்நாட்டுக் கையேட்டில் எழுதிய ஆயுட்காலத்தைத் தமிழ்நாட்டில் அப்படியே நம்புவதற்கில்லை.

ஓ-ரிங் கெடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பொருத்தும்போது திருகுப் புரியின் கூர்முனையில் உரசிக் கீறல் விழுகிறது. நிரப்பும் துளையில் ஒரு மணல் துகள் போனாலும் போதும். உயர் அழுத்தத்தில் காற்று ரப்பருக்குள்ளேயே ஊறியிருக்கும். சிலிண்டரைச் சட்டென்று காலிசெய்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து வளையத்தைக் கொப்புளமாக்கிப் பிளக்கும். விமானப் பயணத்துக்கு முன் சிலிண்டரைக் காலிசெய்ய வேண்டியிருப்பதால் போட்டியாளர்கள் இந்தப் பழுதைக் குறித்துக் கவனமாக இருக்க வேண்டும். மெல்ல மெல்லத் திறந்துவிட்டால் இது வராது.

அடுத்த பகை ஈரம். இதன் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் விளங்கும். 200 மில்லி கொள்ளளவுள்ள சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப வெளிக்காற்று 40 லிட்டர் உள்ளே போக வேண்டும். 30 பாகை செல்சியஸில், ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும் மழைக்காலக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் நீராவி உண்டு. அப்படியானால் ஒரு முறை நிரப்பும்போது ஏறத்தாழ ஒரு கிராம் தண்ணீர் பம்புக்குள் புகுகிறது. அவ்வளவு இறுக்கத்தில் அது ஆவியாக இருக்க இயலாது, துளியாகிறது. வடிகட்டி இல்லாத கைப்பம்பில் அதில் ஒரு பகுதி சிலிண்டருக்கே போய், எஃகைத் துருப்பிடிக்கவும் அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். வால்வு இருக்கையில் ஒட்டும் துருத் துகள்களே பின்னாளில் 'காரணம் தெரியாத' கசிவாக வெளிப்படுகின்றன. பம்பில் ஈரமுறிஞ்சும் மணிகள் கொண்ட வடிகட்டி இருக்க வேண்டும். சிலநூறு ரூபாயில் கிடைக்கும் சிலிக்கா மணிகளைச் சிக்கனம் பிடித்து ஒதுக்குவோர், பின்னர் பல ஆயிரத்தைப் பழுதுநீக்கத்தில் செலவழிக்கிறார்கள்.

மூன்றாவது, எண்ணெய். தையல் இயந்திர எண்ணெய், தேங்காய் எண்ணெய், டபிள்யூ.டி.-40 எதுவும் காற்று செல்லும் வழியில் படவே கூடாது. உயர் அழுத்தக் காற்று திடீரென்று பாயும் இடத்தில் வெப்பம் கூடி, எண்ணெய்ப் புகை டீசல் இஞ்சினில் போலத் தீப்பற்றும். ஓ-ரிங்குக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டும், அதுவும் விரல்நுனியால் தடவிய அளவே போதும்.

கசிவைக் கண்டறிவது சைக்கிள் கடையில் டியூப் பஞ்சர் பார்ப்பது போன்ற வேலைதான். சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் மூட்டுகளில் தடவி நுரை எங்கே எழுகிறது என்று பார்க்க வேண்டும். நிரப்பும் துளையில் நுரை வந்தால் ஒருவழி வால்வு. குழல் வாயில் வந்தால் சுடும் வால்வின் இருக்கை. அழுத்தத்தைச் சீராக நிறுத்தும் ரெகுலேட்டரின் சிறு மூச்சுத்துளையில் வந்தால் அதன் உள்வளையம். இப்படி இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேஜ் முள் இறங்கினாலே கசிவு என்று முடிவுகட்டுவதும் தவறு. காற்றின் அழுத்தம் வெப்பநிலையைத் தொடர்கிறது. கல்வராயன் மலையடிவாரத்தில் 35 பாகையில் 200 பாருக்கு நிரப்பிய சிலிண்டரை, மலைமேலுள்ள வெள்ளிமலை ஊரில் 20 பாகை குளிருள்ள விடியலில் பார்த்தால் முள் 190-இல் நிற்கும். எதுவும் கசியவில்லை. அதே கணக்கு எதிர்த்திசையிலும் உண்டு: வெயிலில் பூட்டிய காருக்குள் 60 பாகை ஏறினால், 30 பாகையில் 200 பாராக நிரப்பியது 220 பாராகிவிடும். உச்ச அளவுவரை நிரப்பிய துப்பாக்கியை வெயிலில் நிறுத்திய வண்டியில் விட்டுப்போகக் கூடாது என்பதற்கு இந்த எண்ணே போதும்.

ரெகுலேட்டர்

சிலிண்டரில் அழுத்தம் குறையக் குறையக் குண்டின் வேகமும் மாறும். அதைத் தடுக்க, சுடும் வால்வுக்கு முன்னால் ரெகுலேட்டர் என்னும் உறுப்பு அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்துகிறது. கிண்ண வடிவ வாஷர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு சிறு உந்துதண்டோடு சேர்த்துச் செய்தது அது. போட்டித் துப்பாக்கியில் அரை கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 170 மீட்டரை ஒட்டிய வேகத்தில், குண்டுக்குக் குண்டு சிறிதளவே மாறிப் போவது இதனால்தான்.

பழுதுநீக்குவோருக்கு மிகுந்த தொல்லை தருவதும் இதுதான். இருக்கையில் துகள் ஒட்டினால் அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டே போகும். சில மணி நேரம் ஓய்வாக இருந்த துப்பாக்கியின் முதல் குண்டு மட்டும் வேறு வேகத்தில் போவது இதன் அடையாளம். வேகமானி இல்லாமல் இந்தப் பழுதைப் பிடிப்பது கடினம். ரெகுலேட்டர் இல்லாத எளிய துப்பாக்கிகளில் இந்தக் கவலை இல்லை. ஒரு குறிப்பிட்ட அழுத்த எல்லைக்குள் மட்டும் சீராகச் சுடும். பயிற்சி மட்டுமே நோக்கமாகவும், பழுதுநீக்குநர் தொலைவிலும் இருந்தால், எளிய வகையே மேலானது.

மலையடிவார ஊரில்

அப்படிப் பழுதுநீக்குநர் தொலைவில் உள்ள ஊருக்கு எடுத்துக்காட்டாக வடக்கனந்தலைப் பார்க்கலாம். அது கள்ளக்குறிச்சிப் பகுதியில், கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள பேரூராட்சி. கோமுகி அணையும் கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இந்த வட்டாரத்தின் அடையாளங்கள். கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளையும் இத்தகைய ஊர்களில் லேத் பட்டறை, மோட்டார் காயில் கட்டும் கடை, டிராக்டர் ஒர்க்ஷாப், வெல்டிங் பட்டறை எல்லாம் எட்டும் தொலைவில் இருக்கும். இவர்களின் கைத்திறன் குறைவானதன்று. ஹைட்ராலிக் ஓ-ரிங்கை அளவெடுத்துத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்குத் துப்பாக்கியின் ஓ-ரிங்கையும் தேர்ந்தெடுக்கத் தெரியும். உள்விட்டமும் தடிமனும் சரியாக இருந்தால் பன்னாட்டு அளவிலுள்ள வளையத்தை மாவட்டத் தலைநகரின் பேரிங் கடையிலேயே வாங்கலாம். தயாரிப்பாளர் தமக்கே உரிய விசித்திர அளவுகளில் வளையம் வைத்திருந்தால்தான் வெளிநாட்டிலிருந்து வரக் காத்திருக்க வேண்டும். வாங்கும்போதே உறுப்புப் படமும் வளைய அளவுப் பட்டியலும் கிடைக்கிறதா, காற்றை வெளியேற்றத் தனித் திருகு உண்டா என்று கேட்பது, குழலின் அழகைப் பார்ப்பதைவிட முக்கியம்.

ஆனால் இந்தப் பட்டறைகளின் எல்லையும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் பத்து பாரை ஒட்டியே நிற்கும், பி.சி.பி.க்கு அது உதவாது. வெல்டிங் பட்டறை ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதே என்று அதிலிருந்து நிரப்பத் தோன்றலாம். அது உயிருக்கே ஆபத்து. உயர் அழுத்த ஆக்சிஜன் கிரீசையும் ரப்பரையும் தீப்பொறி இல்லாமலே எரித்து வெடிக்கச் செய்யும். மூன்றுகட்டக் கைப்பம்பு, உரிய உயர் அழுத்தக் கம்ப்ரசர், அல்லது ஸ்கூபா மூழ்குநர் பயன்படுத்தும் சுத்தமான காற்று இவை மட்டுமே சரி. புதுச்சேரிக் கடற்கரையின் ஸ்கூபா நிலையங்களில் புழங்குவதும் இதே 200 பார் காற்றுதான்.

கல்வராயன் மலையில் கருமருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிகளின் பழக்கம் நெடுநாளாக உண்டு. உரிமமற்றவற்றை ஒப்படைக்கும்படி காவல்துறை மலைக் கிராமங்களைக் கேட்டுக்கொண்டு வருகிறது. அந்தத் துப்பாக்கியை உலைக்களத்திலும் அரத்திலும் செப்பனிட்ட கைப்பழக்கத்தைக் காற்றுச் சிலிண்டரில் காட்டக் கூடாது. காரணம் இது: 200 மில்லி சிலிண்டரில் 200 பாரில் அடைந்திருக்கும் ஆற்றல், அதிலிருந்து புறப்படும் ஒரு போட்டிக் குண்டின் ஏழரை ஜூல் ஆற்றலைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. குண்டுக்குப் பயப்படுவோர் சிலிண்டருக்குப் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது சிலிண்டருக்குத்தான். அதைத் துளையிடுவது, வெல்டிங் வைப்பது, தேய்ந்த புரியை மறுபடி வெட்டுவது, லேத்தில் நகலெடுப்பது எதுவும் கூடாது. ஓ-ரிங், கேஜ், வடிகட்டி, குழல்வாய் வளையம் ஆகியவற்றை, காற்றை முழுவதும் வெளியேற்றிய பின் உள்ளூரில் மாற்றலாம். வால்வு இருக்கையும் ரெகுலேட்டரும் பயிற்சி பெற்றவர் கைக்குப் போக வேண்டும். சிலிண்டர் தயாரிப்பாளருக்கே போக வேண்டும்.

சட்டம்

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளையோ 20 ஜூலுக்கு மேற்பட்ட குழல்வாய் ஆற்றலோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவை. பழுதுநீக்கத்துக்கும் இந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சுத்தியல் வில்லையோ ரெகுலேட்டரையோ மாற்றிப் பொருத்தும்போது ஆற்றல் கூடி எல்லையைத் தாண்டினால், நேற்றுவரை விளையாட்டுக் கருவியாக இருந்தது இன்று உரிமமற்ற ஆயுதம். எனவே பழுதுநீக்கியதும் வேகமானியில் சரிபார்த்து, தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கே திரும்பியிருக்கிறதா என்று உறுதிசெய்வது நல்ல பட்டறையின் அடையாளம். உரிமம் தேவைப்படாத துப்பாக்கியால்கூடக் காட்டுப் பறவையையோ காட்டு முயலையோ சுடுவது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அருணாச்சலப் பிரதேசத்தில் பறவைகள் அருகிவந்ததால், காற்றுத் துப்பாக்கிகளை மக்கள் தாமாக ஒப்படைக்கும் இயக்கம் 2021 மார்ச்சில் லும்டுங் கிராமத்தில் தொடங்கிப் பரவியது. காடொட்டிய எந்த ஊருக்கும் அது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

சிலிண்டரின் ஆயுள்

போட்டித் துப்பாக்கிகளின் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்தாண்டு ஆயுள் குறிக்கிறார்கள். நாள் உருளையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். காலம் கடந்த சிலிண்டரோடு களத்துக்கு வரக் கூடாது, அதைக் கவனிப்பது போட்டியாளரின் பொறுப்பு என்கின்றன பன்னாட்டுக் கூட்டமைப்பின் விதிகள். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு வாயுச் சிலிண்டர் விதிகள் 500 மில்லிக்கு மேற்பட்ட கலன்களையே சிலிண்டர் என்று வரையறுக்கின்றன. காற்றை நிரப்பப் பயன்படும் பெரிய ஸ்கூபா சிலிண்டர் அந்த வரையறைக்குள் வரும், காலமுறைச் சோதனையும் உண்டு. துப்பாக்கியோடு இணைந்த சிறு உருளை வராது. அந்தச் சிறு உருளையின் நாளைப் பார்க்க எந்த ஆய்வாளரும் வீட்டுக்கு வரப்போவதில்லை. உரிமையாளரே பார்க்க வேண்டும். பழைய துப்பாக்கியைக் கைமாற்றி வாங்குவோர் முதலில் படிக்க வேண்டியதும் அந்த நாளைத்தான்.

ஆயுள் முடிந்த உருளையில் காற்றை மெல்ல முழுவதும் வெளியேற்றி, வால்வைக் கழற்றி, யாரும் மறுபடி நிரப்ப முடியாதபடி குறுக்கே அறுத்த பின்னரே பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்க வேண்டும்.